மாப்பிள்ளை போட்ட ஓ.எஸ்.

வேலைக்குப் புதுசா வந்திருக்கற கண்ணுகளா, நீங்க என்கிட்ட கேட்டது நல்லாவே புரிஞ்சுது. பழைய லேப்டாப்புல புது ஓ.எஸ். போட்டதுக்கப்புறம் எந்த டிரைவரை முதல்ல போடறது, எதைக் கடைசியில போடறது, அதுதானே? சிப்செட்டை முதல்ல போடுங்க, அப்புறம் நெட்டு, அப்புறம் டிஸ்ப்ளே, சவுண்டு, மத்ததெல்லாம். முடிஞ்சுது பாடம். உங்க போன்ல தேடினாலே இது கிடைச்சிருக்கும். இதுக்குப் போய் ரிட்டயர் ஆன ஒருத்தியை முட்டிவலியோட மாடிப்படி ஏற வெச்சுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?

சரி, ஏறியாச்சு, உங்க காபியும் குடிச்சாச்சு. சும்மா எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்காது. போன்ல கிடைக்காத ஒண்ணைச் சொல்லிட்டுப் போறேன்.

என்னை இந்த ஊர்ல யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருப்பூர் யூனிட்டுகள்ல நான் 'சிஸ்டம் அக்கா'. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா அக்காவைக் கூப்பிடு, பிரிண்டர் பேப்பரைத் தின்னா அக்காவைக் கூப்பிடு. பனியன் பஞ்சு அடைச்சுக் கிடக்கற லேப்டாப் ஃபேனை நோண்டி நோண்டி எடுத்தே என்ற காலம் போச்சு. அந்தப் பஞ்சையெல்லாம் சேர்த்து வெச்சிருந்தா ஒரு மெத்தை தைச்சிருக்கலாம். அது போகட்டும்.

ஒரு ஆடி மாசம் காலையில போன் வந்துச்சு. வேலம்பாளையத்துல ஊட்டோட சேர்த்தே எம்பிராய்டரி யூனிட் வெச்சிருக்கற சின்னச்சாமி தம்பி. பூர்வீகம் பொங்கலூர், விவசாயக் குடும்பம். வெள்ளாமைக் காட்டுல ஒரு பக்கத்தை வித்து, செகண்ட் ஹேண்ட்ல ஒரு எம்பிராய்டரி மெஷினை வாங்கிப் போட்டு, ராப்பகலா உழைச்சு மேல வந்த மனுசன். சாதாரணமா அவர் பேசினா போனைக் காதுல வெக்க முடியாது, அப்படி ஒரு சத்தம். அன்னைக்கு என்னடான்னா குசுகுசுங்கறாரு.

"அக்கா, சித்த வர முடியுமுங்களா? வண்டி அனுப்பட்டுங்களா?"

"ஏனுங்க தம்பி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லீங்க. மாப்பிள்ளை பக்கத்து ரூம்ல இருக்காருங்க."

அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குப் பாதி கதை விளங்கிருச்சு. மீதியை அவர் சொன்னாரு. வைகாசியில மக நித்யாவுக்குக் கல்யாணம். ஆடி நோம்பிக்குப் புது மாப்பிள்ளையை அழைச்சிருக்காங்க. மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல சாப்ட்வேர் கம்பெனியில வேலை. முந்தின நாள் சாப்பிடறப்ப சின்னச்சாமி வாய் சும்மா இருக்காம, "நம்ம லேப்டாப்பு ரொம்ப ஸ்லோவாயிருச்சு"ன்னு சொல்லியிருக்காரு. அவர் சம்சாரம் சரசு உடனே, "நம்ம மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"ன்னு சொல்லிருச்சு. மாப்பிள்ளை "பார்க்கறேனுங்க"ன்னு சொன்னாரு. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பழசை முழுசா அழிச்சு, புது ஓ.எஸ். போட்டு முடிச்சுட்டாரு.

இப்ப லேப்டாப்பு ஜம்முன்னு திறக்குது. ஆனா நெட்டு இல்லை, சத்தம் இல்லை, எழுத்தெல்லாம் கல்யாண போஸ்டர் சைஸுக்குத் தெரியுது. அதைவிடப் பெரிய கெரகம், லேப்டாப்புல இருந்து எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போகவே மாட்டேங்குது. டிரைவருங்கறது லேப்டாப்புக்கும் அதுல சொருகற சாமானுக்கும் நடுவுல பேசற சின்ன புரோகிராம். அது இல்லைன்னா ரெண்டும் சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கும், ஒரு வார்த்தை பேசிக்காது.

சின்னச்சாமிக்கு நிலைச்ச வேலை குடுக்கறது ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிதான். குழந்தைங்க டி-சர்ட்டோட முன்பக்கத்துல ஒரு குட்டி யானை போடோணும். வெட்டின பீஸெல்லாம் மலையாட்டம் குமிஞ்சு கிடக்குது. சாயங்காலம் கம்பெனி வேன் வரும். யானை போட்டு ரெடியா இல்லைன்னா அத்தனையையும் அள்ளிட்டு வேற யூனிட்டுக்குப் போயிருவாங்க. போனா போனதுதான், அந்தக் கம்பெனி வேலை இனி இவர் வாசலுக்கு வராது. அது இல்லைன்னா யூனிட்டை மூட வேண்டியதுதான்.

"அப்ப மாப்பிள்ளைகிட்டச் சொல்லி எந்திரிக்கச் சொல்லுங்க, நான் வந்து பார்க்கறேன்"னேன்.

"அக்கா!"ன்னு பதறிப் போயிட்டாரு மனுசன்.

நம்ம பக்கத்துப் புது மாப்பிள்ளைங்களைப் பத்தி வெளியூர்ல இருந்து வந்திருக்கற கண்ணுகளுக்குத் தெரியாது. புது மாப்பிள்ளை எது செஞ்சாலும் சரிதான். சோத்துல உப்பு கரிக்குதுன்னு அவர் சொன்னா சமைச்சவங்க மேல தப்பு. கரிக்கலைன்னு சொன்னா, கரிக்குதுன்னு நினைச்ச நம்ம நாக்கு மேல தப்பு. அப்பேர்ப்பட்டவர்கிட்டப் போய், 'நீங்க கெடுத்துட்டீங்க, சித்த தள்ளி உக்காருங்க'ன்னு எந்த மாமனார் சொல்லுவாரு?

கிளம்பிப் போனேன். வாசல்லயே அந்தோணி நின்னுட்டிருந்தான். எம்பிராய்டரி மெஷின் ஓட்டறவன், தூத்துக்குடிப் பக்கம்.

"யக்கா, வந்துட்டியளா? காலையில இருந்து மெஷின் சும்மா நிக்கி. மெஷினுக்குள்ள பழைய ஆர்டரு டிசைன் மட்டுந்தான் கிடக்கு. அது வாத்து. யானை வரலன்னா வாத்தையாவது போட்டுவிட்டுருவமா?"

"வாய மூடிட்டுப் போடா. ஒரு பென் டிரைவ் சொருகக் கூட இடம் இல்லாத மெஷினை வெச்சுக்கிட்டுப் பேச்சைப் பாரு."

அதுக்குள்ள சரசு ஓடி வந்து என்ற கையைப் புடிச்சுக்கிச்சு. "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் பார்க்கறவங்கன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை மனசு நொந்து போயிருமுங்க. நோம்பிக்கு வந்த ஒறம்பரைன்னு சொல்லிப்போடறேன். எனக்குப் பெரியம்மா மகளுங்க நீங்க."

"சரி சரசு. ஒறம்பரைன்னா பலகாரம் வெப்பியல்ல?"

அப்படியாகத்தானே ஸ்க்ரூ டிரைவர், பென் டிரைவ் எல்லாம் இருந்த துணிப்பை மேல ஒரு சீப்பு வாழைப்பழத்தை வெச்சு மூடிக்கிட்டு, நான் சொந்தக்காரியா உள்ள நுழைஞ்சேன். என்னைப் பார்த்ததும் நித்யா வாயைப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுக்குள்ள ஓடிட்டா. அவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்து என்னைத் தெரியுமே.

மாப்பிள்ளை நல்ல லட்சணமான பையன். லேப்டாப்பு முன்னாடி வேர்த்து வடிஞ்சு உக்காந்திருக்காரு. ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் மாமியார், பின்னாடி தைக்கற பொண்ணுங்க. டாக்டர் ஆபரேசன் பண்ற மாதிரி அத்தனை பேரும் அவர் கையையே பார்த்துட்டு நிக்கறாங்க. அவர் "மாமா, நான் ஒண்ணு சொல்லோணுங்க"ன்னு வாயைத் திறந்தா, "முதல்ல இந்த ஒப்புட்டைச் சாப்பிடுங்க மாப்பிள்ளை"ன்னு சரசு தட்டை நீட்டுது. பருப்பும் வெல்லமும் வெச்ச ஒப்புட்டை வாயில போட்டா அப்புறம் எங்க பேசறது?

நானும் ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒண்ணும் தெரியாத பெரியம்மா மகளா வேலையை ஆரம்பிச்சேன்.

"ஏனுங் மாப்பிள்ளை, எங்க ஊட்டுப் பையன் போனையும் கம்ப்யூட்டரையும் ஒயர்ல சேர்த்து என்னமோ நெட்டு எடுப்பானுங்க. அது இதுல ஆகாதுங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் போனைச் சொருகினாரு. நெட்டு வந்துச்சு.

"அந்த லேப்டாப்பு அடியில என்னமோ மாடல் நம்பர் ஒட்டியிருக்குதுங்களே. கம்பெனிக்காரங்க அந்த நம்பரை வெச்சுத்தான் சாமானெல்லாம் குடுப்பாங்களாமா? எங்க மிக்ஸிக்கு அப்படித்தானுங்க."

லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாரு. கம்பெனி சைட்டுக்குப் போனாரு. நான் 'அது என்னுங்க, இது என்னுங்க'ன்னு கேக்கக் கேக்க வைஃபை வந்துச்சு, எழுத்து சின்னதாச்சு, சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் சரசு கை தட்டுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. இத்தனை வருசத்துல மவுஸைத் தொடாம, வாழைப்பழம் சாப்பிட்டுட்டே சர்வீஸ் பண்ணினது அதுதான் முதல் தடவை.

குஷியெல்லாம் மெஷின் கேபிள்கிட்ட வந்து நின்னுச்சு. பழைய மெஷினுங்கறதால புது மெஷின் மாதிரி லேப்டாப்புல நேரா சொருக முடியாது. நடுவுல ஒரு நீலக் கலர் கன்வெர்ட்டர் கேபிள் இருக்கும். அந்தக் கேபிளுக்குள்ள இருந்தது டூப்ளிகேட் சிப்பு. இந்த ஊர்ல பாதிப் பேருகிட்ட இருக்கறது அதுதான். பழைய டிரைவர் அதைக் கண்டுக்காம உள்ள விட்டுரும். புது டிரைவர் இருக்குதே, டூப்ளிகேட்டுன்னு மோந்து பார்த்துக் கதவைச் சாத்திரும். மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி வந்து நிக்கும். மாப்பிள்ளை புதுசை எடுத்துப் போட்டாரு, மஞ்சக்குறி போகலை. அதைவிடப் புதுசைப் போட்டாரு, அப்பவும் போகலை.

அந்தப் பழைய டிரைவர் என்ற பென் டிரைவ்ல இல்லை. நெட்டுல கண்ட எடத்துல எடுத்தா கூடவே வைரஸும் வரும். அதே கேபிளோட ஓடிட்டிருந்த அதே டிரைவர்தான் வேணும். அதைத்தான் மனுசன் அழிச்சுட்டாரே.

மாப்பிள்ளை நெத்தியைத் துடைச்சுட்டுச் சொன்னாரு. "மாமா, இன்னொரு தடவை எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போட்டுப் பார்க்கட்டுங்களா?"

சின்னச்சாமி மூஞ்சியை நீங்க பார்த்திருக்கோணும். தலை 'சரிங்க'ன்னு ஆடுது. கண்ணு ரெண்டும் என்னையப் பார்த்துக் கெஞ்சுது. முதல்ல இருந்து போட்டா சாயங்காலம் வரைக்கும் இழுக்கும், அப்பவும் அதே மஞ்சக்குறிதான் வரும். யூனிட் கண்ணு முன்னாடி மூழ்குது, மனுசன் தலையாட்டிட்டு நிக்கறாரு. எனக்கு அழுகையும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு.

இங்கதான் கண்ணுகளா, கவனமாக் கேளுங்க. உண்மையை உடைச்சுச் சொன்னா அத்தனை பேர் முன்னாடி மாப்பிள்ளை மானம் போகும், சொல்லாம இருந்தா சின்னச்சாமி பொழப்பு போகும். இந்த மாதிரி நேரத்துல ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க. ஸ்க்ரீன் முன்னாடி யாரு உக்காந்திருக்காங்களோ அவங்களைப் பாருங்க. கம்ப்யூட்டரை யாரு கெடுத்தாங்களோ, என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா பத்துப் பேரு சுத்தி நின்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். கூட்டத்தைக் கலைக்கோணும். அதுதான் முதல் வேலை.

நான் டக்குன்னு எந்திரிச்சேன். "சரசு! இது கண்ணு பட்டதுதான், வேற ஒண்ணுமில்லை! இத்தனை பேரு மாப்பிள்ளை கையவே பார்த்துட்டு நின்னா வேலை எப்படி ஆகும்? வரமிளகாயும் உப்பும் கொண்டா, சுத்திப்போடறேன். நான் கதவைத் திறக்கற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள வரக்கூடாது!"

நம்ம ஊர்ல மாப்பிள்ளை பேச்சுக்கு மேல ஒரு பேச்சு உண்டுன்னா, அது கண்ணு பட்டுருச்சுங்கற பேச்சுதான். மாமனார்ல இருந்து தைக்கற பொண்ணுங்க வரைக்கும் அத்தனை பேரும் வெளிய ஓடிட்டாங்க. கதவைச் சாத்தினேன். சரசு குடுத்துட்டுப் போன மிளகாயைக் கையில வெச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டேன்.

"இப்பச் சொல்லுங்க சாமி. நேத்து இந்த லேப்டாப்பைத் திறந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

அவர் என்னையும் மிளகாயையும் மாறி மாறிப் பார்த்தாரு. "நீங்க ஒறம்பரை இல்லீங்கல்ல?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"மிக்ஸிக்கு யாருங்க மாடல் நம்பர் பார்த்து டிரைவர் போடுவாங்க?"

ரெண்டு பேரும் சத்தம் வராம சிரிச்சோம். அப்புறம் அவர் கண்ணு கலங்கிருச்சு. "அக்கா, நான் சாப்ட்வேர் கம்பெனியில வேலைக்கு ஆள் எடுக்கறவனுங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு ஒண்ணுமே தெரியாது. முடியாதுன்னு சொல்ல வாய் வரலைங்க. கெட்டுப்போனதும் மாமாகிட்டச் சொல்லப் போனேன், ஒவ்வொரு தடவையும் வாயில பலகாரம் வெச்சுடறாங்க. இவங்க பொழப்பே என்னால போயிருமுங்களா?"

"அது அப்புறம். முதல்ல என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"அழிக்கறதுக்கு முன்னாடி பயமா இருந்துச்சுங்க. அதனால உள்ள இருந்த எல்லாத்தையும் என்ற ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா? சிஸ்டம் போல்டரு, டிரைவரு, எல்லாமுமா?"

"எது முக்கியம்னு தெரியலைங்க. அதனால ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

அட என்ற ராசா! அவரைக் கட்டிப்புடிச்சு முத்தம் குடுக்காத குறை. வேண்டிய மருந்து காலையில இருந்து அதே ஊட்டுக்குள்ளயே கிடக்குது, யாரும் அவரைப் பேச விடலை.

"எங்க இருக்குது?"

"நித்யா ரூம்ல, என்ற பையிலங்க."

கதவை ஒரு விரக்கடை திறந்து கத்தினேன். "சரசு! மாப்பிள்ளை பையைக் கொண்டா! அதையும் சேர்த்துச் சுத்தோணும்!"

பை பறந்து வந்துச்சு. மவுஸ் அவர் கையிலயே இருந்துச்சு, நான் பக்கத்துல நின்னு சொன்னேன். காப்பியில இருந்து பழைய டிரைவரைக் கண்டுபுடிச்சோம். புதுசை நீக்கிட்டு, 'நானே எடுத்துக் குடுக்கறேன், நீயாத் தேடாதே'ங்கற வழியில போய்ப் பழசைக் காட்டினோம். அப்டேட்டுங்கற பேர்ல அது தானாப் புதுசைப் போட்டுக்காம இருக்க, அதையும் நிறுத்தி வெச்சோம். மஞ்சக்குறி மறைஞ்சுச்சு. சும்மா சொல்லக்கூடாது, நடுவுல நான் நிஜமாவே மிளகாயைச் சுத்தவும் செஞ்சேன். நமக்கு எதுக்கு வம்பு?

அதே காப்பியில இருந்த யானை டிசைனை எடுத்து அனுப்பினதும் மெஷின் தடதடன்னு ஆரம்பிச்சுது. "யக்கா, தும்பிக்கை வருது! வாத்து இல்ல, யானைதான்!"ன்னு அந்தோணி கத்தறான். ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காணியில சரசு நான் சுத்திக் குடுத்த மிளகாயை நெருப்புல போட்டு, நெடி கமறவே இல்லைன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுது. "கமறலைன்னா எப்பேர்ப்பட்ட கண்ணு பாருங்க!"ன்னு தைக்கற பொண்ணுங்க கன்னத்துல போட்டுக்கறாங்க. ஆக, பேரு எனக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. எல்லாம் மிளகாய்க்குப் போச்சு.

மெஷின் ஓடினாலும் போன நேரம் போனதுதானே. வேன் வர்றப்ப கணிசமான பீஸு மிச்சம் கிடந்துச்சு. கம்பெனி சூப்பர்வைசர் இறங்கி வந்தாரு. சிரிக்கவே தெரியாத மனுசன்.

"ஏன் முடியலை?"

சின்னச்சாமி கையைப் பிசைஞ்சாரு. "காலையில இருந்து கரண்ட் இல்லீங்க."

"பக்கத்து யூனிட் ஓடிட்டிருந்துச்சே. மிச்சத்தை ஏத்துங்க, நான் வேற எடத்துல பார்த்துக்கறேன்."

வேன்ல வந்த பசங்க மூட்டையில கை வெச்சுட்டாங்க. சின்னச்சாமி மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கும் ஒரு தந்திரமும் தோணலை. அப்ப உள்ள இருந்து மாப்பிள்ளை வந்தாரு.

"சார், கரண்டெல்லாம் இருந்துச்சுங்க. நான்தான் லேப்டாப்பைக் கெடுத்துட்டேன். வேலை தெரியாம கை வெச்சுட்டேனுங்க. மாமா மேல ஒரு தப்பும் இல்லை. இந்த அக்கா வந்து சரி பண்ணியிருக்காங்க. இப்ப நல்லா ஓடுது, வந்து பாருங்க."

"ஐயோ மாப்பிள்ளை, அப்படியெல்லாம் சொல்லாதீங்க"ன்னு சரசு தலையில கை வெச்சுக்கிச்சு.

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தாரு. "நான் போற யூனிட்ல எல்லாம் கரண்ட் இல்லைன்னு சொல்லுவாங்க, ஆள் வரலைன்னு சொல்லுவாங்க. நான்தான் கெடுத்தேன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் வாயில இருந்து கேக்கறேன்." அந்தோணி பக்கம் திரும்பினாரு. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளதைச் சொல்லு."

"ஒரு மணி நேரம் குடுங்க சார். அதுக்கு மேல கேட்டா என்னைய ஏன்னு கேளுங்க."

"வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லு"ன்னுட்டு சூப்பர்வைசர் சேர்ல உக்காந்துட்டாரு.

சின்னச்சாமி அங்கயே நின்னு ஒரு பாட்டம் மூச்சு விட்டாரு. அப்புறம் அவருக்குப் பழைய சத்தம் திரும்பி வந்துருச்சு. "மாப்பிள்ளை, நீங்க சொன்னதுனால நானும் ஒண்ணைச் சொல்லிப்போடறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க காலையிலயே ஊருக்குக் கிளம்பறேன்னு சொன்னீங்கல்ல? நீங்க கிளம்பினதும் அக்காவைக் கூப்பிட்டுச் சரி பண்ணிக்கலாம்னு, எப்படா கிளம்புவீங்கன்னு பார்த்துட்டே இருந்தனுங்க."

மாப்பிள்ளை வாயைப் பொளந்துட்டாரு. "கெடுத்ததைச் சரி பண்ணாம எப்படிங் மாமா கிளம்பறது? அதனாலதான் பஸ் டிக்கெட்டைக் கூட கேன்சல் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்."

சிரிக்கவே தெரியாத அந்தச் சூப்பர்வைசர்தான் முதல்ல சிரிச்சாரு. அப்புறம் அத்தனை பேரும் சிரிச்சாங்க. சரசு மட்டும் கொஞ்ச நேரம் முறைச்சுட்டு நின்னுச்சு, அப்புறம் அதுக்கும் அடக்க முடியலை.

கேட்ட நேரத்துக்குள்ள கடைசி யானையும் இறங்கிச்சு. பீஸையெல்லாம் ஏத்திட்டு, அடுத்த லாட்டு திங்கக்கிழமை வரும்னு சொல்லிட்டுச் சூப்பர்வைசர் கிளம்பினாரு. வேன் தெரு திரும்பற வரைக்கும் மாமனாரும் மாப்பிள்ளையும் வாசல்லயே நின்னு பார்த்தாங்க. அன்னைக்கு மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பலை. அவர் கிளம்போணும்னு அந்த ஊட்டுல ஒருத்தரும் நினைக்கவும் இல்லை.